நிம்மதிக்குக் கந்துவட்டி

திருச்சானூரில் பத்மாவதித் தாயாரின் கார்த்திகை பிரம்மோற்சவம் பஞ்சமி தீர்த்தத்தோடு நிறைவடையும். அன்று பத்மசரோவரத்தில் சக்ரஸ்நானம் முடிந்ததும், கரையில் காத்திருக்கும் ஜனத்திரள் தண்ணீரில் இறங்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்கு, கோபுரத்தைப் பார்த்து ஒரு கும்பிடு, துணியைப் பிழிந்தபடி கரையேறிவிடுவார்கள். பின்னால் நிற்பவர் இறங்க வேண்டுமே!

அந்தக் கூட்டத்தில் ஒருவர் மட்டும் ஏறாமல் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முழுக்கில் உச்சந்தலை நனைந்ததா? முழுகும்போது பக்கத்து ஆளின் கால் பட்டதே, அந்த முழுக்கு கணக்கில் சேருமா? இன்னொன்று போடுகிறார். நான்காகிவிட்டது, ஒற்றைப்படைக்காக ஐந்து. ஐந்தாவதில் மனசு கோயிலில் இல்லை, அதனால் முதலிலிருந்து. வீட்டார் கரையிலிருந்து கூப்பிடுகிறார்கள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டுவது அவருக்கே தெரிகிறது. தெரிந்தும் ஏற முடியவில்லை.

மற்றவர்களும் இதே தண்ணீரில்தான் முழுகினார்கள். அவர்களைக் கரையேற்றியது எது?

தலை முழுதாக நனைந்ததா என்று அவர்களில் ஒருவரும் சோதித்துப் பார்க்கவில்லை. தூய்மையை அளக்க யாரிடமும் கருவியும் இல்லை. மூன்றாவது முழுக்கு முடிந்ததும் உள்ளே ‘போதும்’ என்று ஒன்று தோன்றியது, அதை நம்பி ஏறிவிட்டார்கள். கதவைப் பூட்டுவது, கேஸை அணைப்பது, கை கழுவுவது எல்லாமே இப்படித்தான் முடிகின்றன. ஒரு உணர்வு வந்து முடித்துவைக்கிறது. அந்த உணர்வு வராவிட்டால் என்ன செய்வோம்? திரும்பச் செய்து பார்ப்போம். அதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

2003-ல் நெதர்லாந்தின் மார்செல் வான் டென் ஹவுட், மெரெல் கிண்ட் என்ற இரு உளவியலாளர்கள் செய்த சோதனை இந்தச் சிக்கலை அழகாகக் காட்டியது. ஆரோக்கியமான மாணவர்களைக் கணினித் திரைமுன் உட்காரவைத்தார்கள். திரையில் ஒரு கேஸ் அடுப்பு. குமிழ்களைத் திருக வேண்டும், அணைக்க வேண்டும், அணைந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒரு பாதிப் பேர் அதே அடுப்பை இருபது முறை திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்கள். மறுபாதியினர் அதற்குப் பதிலாக விளக்குகளைச் சரிபார்த்தார்கள். கடைசியாக இரண்டு கூட்டமும் அடுப்பை ஒருமுறை சரிபார்த்தன. எந்தெந்தக் குமிழைத் தொட்டீர்கள் என்று கேட்டதற்கு இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு சரியாகத்தான் சொன்னார்கள். ஆனால் இருபது முறை பார்த்தவர்களுக்கு அந்த நினைவு மங்கலாக இருந்தது. தங்கள் நினைவின் மேலேயே அவர்களுக்கு நம்பிக்கை குறைந்திருந்தது. மூன்று ஆண்டுகள் கழித்துக் கனடாவின் மான்ட்ரியலில் ஆடம் ரடோம்ஸ்கியின் குழு நிஜச் சமையலறையில் நிஜ அடுப்பை வைத்துச் செய்து பார்த்தபோதும் இதேதான்.

நினைவு சரியாகவே இருந்தது. குலைந்தது அதன்மேல் இருந்த நம்பிக்கை. பத்தாவது முறை குமிழைத் தொடும்போது அது ஒன்பதாவது முறையோடு கலந்துவிடுகிறது. இப்போது தொட்டதா, சற்றுமுன் தொட்டதா, நேற்று தொட்டதா? சந்தேகத்தைத் தீர்க்கத்தான் சரிபார்த்தார்கள், அந்தச் சரிபார்த்தலே சந்தேகத்தை வளர்த்துவிட்டது. எந்த நோயும் இல்லாத கல்லூரிப் பிள்ளைகளுக்கே இருபது முறையில் இந்த நிலை.

இதே சுழல் ஒருவருடைய நாளில் மணிக்கணக்கில் ஓடி, வேலையையும் உறவையும் தின்னத் தொடங்கினால் மருத்துவர்கள் அதை ஓ.சி.டி. என்கிறார்கள். தமிழில் எண்ணச் சுழற்சி நோய் என்று எழுதுகிறோம். அதற்கு இரண்டு பாகம். கேட்காமலே வந்து உட்காரும் எண்ணம் ஒன்று. கை அசுத்தம், பூட்டு பூட்டவில்லை, பெற்ற பிள்ளையைக் கத்தியால் குத்திவிடுவேனோ என்பது போன்றவை. அந்த எண்ணம் கிளப்பும் பதைப்பை அடக்கச் செய்யும் கட்டாயச் செயல் இன்னொன்று. கழுவுவது, எண்ணுவது, சரிபார்ப்பது, மனசுக்குள்ளேயே ஒரு நாமத்தை நூற்றெட்டுத் தடவை சொல்லி ‘அழிப்பது’. 2015-16-ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயது வந்தவர்களில் ஏறத்தாழ 0.8 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகக் கணக்கிட்டது. அந்த ஆய்வு நடந்த பன்னிரண்டு மாநிலங்களில் தமிழ்நாடு உண்டு, ஆந்திரம் இல்லை. அதே விகிதத்தை ஒரு பேச்சுக்கு எடுத்துக்கொண்டால்கூட, லட்சம் பேர் முழுகும் குளத்தில் எண்ணூறு பேர்.

எண்ணூறு பேரும் கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. நம் வீடுகளில் இதற்கு வேறு பெயர்கள் இருக்கின்றன. பாட்டி மடி பார்க்கிறாள், அத்தை ஆசாரம். திருப்பதிப் பக்கம் தெலுங்கில் ‘சாதஸ்தம்’ என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள். மடி பார்ப்பது நோய் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். மடிக்கு ஒரு தொடக்கம் உண்டு, முடிவு உண்டு, முடிந்தபின் ஒரு நிறைவும் உண்டு. ஓ.சி.டி.யில் அந்த முடிவு மட்டும் வருவதில்லை. கழுவிக் கழுவித் தோல் வெடித்த கையோடு வருபவர் பக்தியால் கழுவவில்லை, பயத்தால் கழுவுகிறார். சண்டிகரில் சல்மான் அக்தர், என். என். விக் முதலியோர் 82 நோயாளிகளை ஆராய்ந்து 1975-ல் எழுதிய கட்டுரையில், அவர்களிடம் அதிகம் காணப்பட்டது சந்தேகம்தான் என்று பதிவு செய்தார்கள். அழுக்கு பிரச்சினையே இல்லாத நோயாளிகள் ஏராளம்.

யாரும் வாய்திறக்காத வகை ஒன்று இருக்கிறது. சந்நிதியில் திரை விலகுகிறது, தாயார் முகம் தெரிகிறது, அந்த நொடியில் வாயில் வராத ஒரு கெட்ட வார்த்தை மனசில் வருகிறது. அல்லது பார்க்கவே கூடாத ஒரு காட்சி. ‘எனக்குள் இப்படி ஒரு பாவியா?’ என்று பதறிப்போய் அதை விரட்டுகிறார். குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்று சொன்ன கதைதான், விரட்ட விரட்ட வருகிறது. கடைசியில் கோயிலுக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார். வீட்டில் நாத்திகனாகிவிட்டான் என்கிறார்கள்.

இவருக்கு 1978-ல் வந்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஸ்டான்லி ரேக்மன் என்பவரும், இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய பத்மல் டி சில்வா என்ற உளவியலாளரும் சேர்ந்து செய்தது. நோய் எதுவும் இல்லாத சாதாரண மனிதர்களிடம், வேண்டாத எண்ணங்கள் உங்களுக்கு வருவதுண்டா என்று கேட்டார்கள். பத்தில் எட்டுப் பேர் ‘வரும்’ என்றார்கள். வன்முறை, ஆபாசம், தெய்வ நிந்தனை எல்லாமே அந்தப் பட்டியலில் இருந்தன. நோயாளிகளின் எண்ணங்களையும் இவர்களுடையதையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொன்னபோது, நிபுணர்களே சிரமப்பட்டார்கள். ஆக, எண்ணத்தின் சரக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் ‘சே, என்ன இது’ என்று தேங்காய் உடைக்கப் போய்விடுகிறார். இன்னொருவர் அதைத் தன் குணத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். 1985-ல் பால் சால்கோவ்ஸ்கிஸ் இதையே இன்னும் கூர்மையாக்கினார். எண்ணம் வந்துவிட்டது, இனி எது நடந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று ஏற்றிக்கொள்ளும் அந்தப் பாரம்தான் நோயை ஓட்டுகிறது என்பது அவர் வாதம்.

சரி, கழுவினால் என்னதான் கெட்டுப்போகிறது? பதைப்பு அடங்குகிறதே!

அடங்குகிறது. அதனால்தான் ஆபத்து. கழுவியதும் கிடைக்கும் நிம்மதி கந்துவட்டிக்கு வாங்கிய பணம். அவசரத்துக்குக் கை நீட்டியதும் கிடைத்துவிடும், மறுபேச்சு கிடையாது. சாயங்காலமே வட்டி கேட்டு ஆள் வந்து நிற்பான். அந்த வட்டி கட்ட இன்னொரு கடன். கழுவிய ஒவ்வொரு முறையும் மூளை இரண்டு பாடம் படிக்கிறது. ஒன்று, ‘கழுவியதால்தான் தப்பித்தோம், ஆக ஆபத்து உண்மைதான்.’ மற்றொன்று, ‘இந்தப் பதைப்பு தானாக அடங்காது, கழுவினால்தான் அடங்கும்.’ இரண்டுமே பொய். ஆனால் கழுவிக்கொண்டே இருக்கும்வரை அவை பொய் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

வழியைத் திறந்தவர் லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் இருந்த விக்டர் மேயர். அதுவரை இந்த நோய்க்குப் பேச்சு வைத்தியம் ஆண்டுக்கணக்கில் நடக்கும், பலன் சொற்பம். மேயர் 1966-ல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதினார். ஓயாமல் கழுவும் பெண்ணின் அறையில் குழாயை அடைத்துவிட்டார். நர்சுகள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். எதற்குப் பயப்படுகிறாரோ அதைத் தொடவைப்பது, தொட்டபின் கழுவ விடாமலிருப்பது, இவ்வளவுதான் சிகிச்சை. 1974-ல் எண்ணிக்கை பதினைந்து நோயாளிகளாக வளர்ந்திருந்தது, அதில் பத்துப் பேருக்குக் குறிகள் பெருமளவு குறைந்தோ மறைந்தோ போயிருந்தன. இதற்கு எதிர்கொள்ளல், செயல் தவிர்த்தல் என்று பெயர். இன்றைக்கு யாரும் குழாயை அடைப்பதில்லை. நோயாளியே சம்மதித்து, தானே கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறார்.

உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதையும் அளந்து பார்த்தார்கள். ரேக்மனும் டி சில்வாவும் கிசெலா ரோப்பரும் 1976-ல் பதினொரு நோயாளிகளை அவரவர் பயப்படும் பொருளைத் தொடச் செய்தார்கள். பிறகு மூன்று மணி நேரம் ஒன்றும் செய்யாமல் காத்திருக்கச் சொல்லி, இடையிடையே பதைப்பை அளந்தார்கள். அளவு தானாகக் கீழே இறங்கியது. இறக்கத்தின் பெரும்பங்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே நடந்துவிட்டது. கழுவாவிட்டால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இது புதுச் செய்தி. பதினொரு பேர் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் இந்தத் துறையில் எனக்குப் பிடித்த ஆய்வு எது என்றால் இதைத்தான் சொல்வேன். காத்திருந்து பார்ப்பதைத் தவிர அவர்கள் வேறொன்றும் செய்யவில்லை.

மருந்தும் உண்டு. ஃப்ளூவாக்செடின், செர்ட்ராலின் வகை மாத்திரைகள் மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் அளவில் தேவைப்படும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் பொறுக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் லூயிஸ் பாக்ஸ்டர் 1992-ல் ஒன்பது பேருக்கு மருந்தும் ஒன்பது பேருக்கு நடத்தைச் சிகிச்சையும் கொடுத்து மூளையைப் படமெடுத்தார். பலன் கிடைத்தவர்களில், மூளையின் ஆழத்தில் இருக்கும் காடேட் என்ற பகுதியின் அதீத வேகம் இரண்டு வழியிலும் தணிந்திருந்தது. செருப்பைத் தொட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதும் மூளையை மாற்றும் என்பதற்கு அப்போது கிடைத்த சாட்சி அது.

இந்தச் சிகிச்சையை எட்டுப் பேரைச் சேர்த்து உட்காரவைத்துச் செய்ய முடியுமா?

முதல் பார்வைக்கு மோசமான யோசனையாகத் தெரியும். ஒருவருக்குக் கிருமி, ஒருவருக்குப் பூட்டு, ஒருவருக்குத் தெய்வ நிந்தனை, இவர்களை ஒன்றாக வைத்து என்ன பேசுவது? வில்லியம் ஃபால்ஸ்-ஸ்டூவர்ட்டும் சகாக்களும் அமெரிக்காவில் 93 நோயாளிகளை மூன்றாகப் பிரித்துச் சோதித்து 1993-ல் முடிவை வெளியிட்டார்கள். சிலருக்குத் தனிச் சிகிச்சை, சிலருக்குக் குழுச் சிகிச்சை, ஒப்பிட்டுப் பார்க்கச் சிலருக்கு வெறும் தளர்வுப் பயிற்சி. தனியாகப் பெற்றவர்கள் சற்று வேகமாகத் தேறினார்கள். பன்னிரண்டு வாரம் முடிந்தபோது குழுவும் அவர்களை எட்டிப் பிடித்திருந்தது. பிரேசிலில் அரிஸ்டிடிஸ் கோர்டியோலி வாரம் ஒரு அமர்வு, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், மொத்தம் பன்னிரண்டு என்று ஒரு முறையை வகுத்தார். 2003-ல் வெளியான அவருடைய சோதனையில் 47 பேர். சிகிச்சை பெற்றவர்களில் ஏறக்குறைய எழுபது சதவீதம் பேருக்குப் பலன் தெரிந்தது. வரிசையில் காத்திருந்தவர்களில் அது நான்கு சதவீதம்தான்.

கணக்கும் சாதகம். எட்டுப் பேருக்குத் தனித்தனியாகப் பன்னிரண்டு மணி நேரம் என்றால் சிகிச்சையாளருக்கு 96 மணி. குழுவாக என்றால் 24. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட முழுசாக இல்லாத நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. (நார்வேயின் பெர்கன் நகரில் கெர்ட் க்வாலேயும் பியார்னே ஹான்சனும் உருவாக்கிய புகழ்பெற்ற நான்கு நாள் சிகிச்சையும் குழுவில்தான் நடக்கிறது. ஆனால் அங்கே ஒரு நோயாளிக்கு ஒரு சிகிச்சையாளர். நம்மிடம் எடுபடாத ஆடம்பரம்.)

ஆனால் குழுவுக்கு நான் வக்காலத்து வாங்குவது மணிக்கணக்குக்காக அல்ல. நம் ஊரில் ஓ.சி.டி. ஏற்கனவே ஒரு குழுவில்தான் நடந்துகொண்டிருக்கிறது. அந்தக் குழுவின் பெயர் குடும்பம்.

வெளியே போய் வந்த புருஷன் வாசலிலேயே சட்டையைக் கழற்றுகிறார். மகள் தன் கையை மூன்று தடவை கழுவிக் காட்டுகிறாள். மாமியார் பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுத் துடைத்து உள்ளே தருகிறார். ‘கேஸ் அணைச்சாச்சா?’ என்று இரவில் பன்னிரண்டு தடவை கேட்டால், பன்னிரண்டு தடவையும் ‘அணைச்சாச்சும்மா, தூங்கு’ என்று பதில். எல்லாம் அன்பால்தான், பாதி இரவில் சண்டை வேண்டாம் என்பதாலும்தான். 1995-ல் யேல் பல்கலைக்கழகத்தின் லிசா கால்வோகோரெசி, நோயாளிகளின் உறவினரைக் கேட்டுப் பார்த்தபோது, பெரும்பாலோர் ஏதோ ஒரு வகையில் சடங்கில் பங்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவிலேயே அப்படி என்றால், அடுப்படி, குளியலறை, பூஜை அறை எல்லாம் பொதுவாக இருக்கும் நம் கூட்டுக் குடும்பத்தைச் சொல்ல வேண்டுமா? ‘ஒண்ணும் ஆகாது’ என்று வீட்டார் சொல்லும் ஒவ்வொரு ஆறுதலும் அதே வட்டிக்கடைப் பணம். கேட்டவர் கையைக் கழுவவில்லை, காதைக் கழுவிக்கொண்டார்.

ஆகவே குழுச் சிகிச்சையில் கற்க வேண்டிய முதல் பாடம், ஆறுதல் சொல்லாமல் கூட இருப்பது. இது கேட்கச் சுலபம். திருப்பதியில் ஒரு மருத்துவமனை அறையில் எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆட்கள் என் கற்பனை, அவர்களுடைய குறிகள் மருத்துவ நூல்களில் திரும்பத் திரும்ப வருபவை. திருச்சானூரிலிருந்து ஒரு இல்லத்தரசி, பஸ்ஸில் போய்வந்தால் உடுத்திய புடவையை நனைத்து, தலைக்குக் குளித்து, நடந்த தரையையும் கழுவுகிறவர். பக்கத்தில் கடைக்காரர் ஒருவர், ஷட்டரைப் பூட்டிவிட்டுப் பூட்டை செல்போனில் படமெடுத்துக்கொண்டு போகிறார், வழியில் படத்தைப் பார்க்கிறார், இது இன்றைய படமா நேற்றைய படமா என்று திரும்பி வருகிறார். எதிரே கல்லூரிப் பையன் ஒருவன், முதல் நான்கு வாரம் வாயே திறக்கவில்லை.

ஒவ்வொருவரும் ஒரு ஏணி எழுதியாக வேண்டும். அடிப்படியில் கொஞ்சம் கூசும் காரியம், உச்சிப்படியில் நினைத்தாலே நடுங்கும் காரியம், ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண். அந்த அம்மாவின் ஏணியில் பஸ் டிக்கெட்டைத் தொடுவது இருபது, சொந்தச் செருப்பின் வாரைத் தொடுவது நாற்பது, பஸ்ஸில் கட்டிய புடவையோடு கட்டிலில் உட்கார்வது தொண்ணூறு. நான்காவது வாரம் செருப்பு நடு அறைக்கு வருகிறது. சிகிச்சையாளர் முதலில் தொடுகிறார், தொட்ட கையைத் தன் மடியில் துடைத்துக்கொள்கிறார். வட்டம் முழுக்கத் தொட்டு வருகிறது. அந்த அம்மா ஒரு விரலால் தொடுகிறார், பிறகு முழுக்கையால்.

“எவ்வளவு?”

“எழுபது, மேடம்.”

நாற்பது என்று எழுதியது தொட்டதும் எழுபதாகிவிட்டது, வழக்கமாக நடப்பதுதான். பத்து நிமிடம் கழித்து எழுபத்தைந்து. கண் கலங்குகிறது. பக்கத்தில் இருக்கும் கடைக்காரர் தாங்காமல், “ஒண்ணும் ஆகாதுக்கா, நாங்களும்தானே தொட்டோம்” என்கிறார்.

சிகிச்சையாளர் கை காட்டி நிறுத்துகிறார். “அண்ணா, இப்ப நீங்க அக்கா கையில தண்ணி ஊத்திட்டீங்க.”

அறையில் சிரிப்பு. பிறகு என்னதான் சொல்வது என்று கடைக்காரர் கேட்கிறார். “ஆகலாம், ஆகாமலும் போகலாம். நானும் கூட உட்கார்ந்திருக்கேன்.” இவ்வளவே சொல்லலாம். இருபத்தைந்தாவது நிமிடம் அறுபது. நாற்பதாவது நிமிடம் முப்பத்தைந்து. கழுவவில்லை, யாரும் உறுதியும் கொடுக்கவில்லை, எண் இறங்கியிருக்கிறது.

தனிச் சிகிச்சையிலும் இது நடக்கும். குழுவில் கூடுதலாக ஒன்று நடக்கிறது. அடுத்த வாரம் கடைக்காரரின் முறை, போனிலுள்ள பூட்டுப் படங்களையெல்லாம் அழிக்க வேண்டும். அந்த அம்மாவுக்கு ஆச்சரியம். பூட்டியாயிற்று, இழுத்தும் பார்த்தாயிற்று, அப்புறம் படம் எதற்கு? கடைக்காரருக்கோ செருப்பைத் தொட்டால் என்ன என்பது புரியவே புரியாது. தன் பயத்தின் உள்ளே நிற்கும்போது அது நியாயம், அடுத்தவர் பயத்தை வெளியே நின்று பார்க்கும்போது வெறும் விதி. அந்த அம்மாவின் தலைக்குள் தெளிவாக யோசிக்கும் ஒரு ஆள் ஏற்கனவே இருக்கிறார் என்பதை, கடைக்காரரின் பூட்டு காட்டிக்கொடுத்துவிடுகிறது. எண்ணமும் நடத்தையும் சேர்ந்த சிகிச்சை என்று சொல்கிறோமே, அதில் எண்ணத்தின் பங்கு பெரிய தர்க்க விவாதமாக நடப்பதைவிட இப்படிப் பக்கவாட்டில் நடப்பதே அதிகம் என்று நினைக்கிறேன். இது என் அபிப்பிராயம். பீட்டர் மக்லீன் குழு 2001-ல் கனடாவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது, எண்ணத்தை முன்வைத்த குழுவைவிட நேரடியாக எதிர்கொள்ளவைத்த குழுவே சற்று முந்தியது.

பையன் ஐந்தாவது வாரம் வாய் திறக்கிறான். சந்நிதியில் என்ன வார்த்தை வருகிறது என்று சொல்லவில்லை, வருகிறது என்று மட்டும் சொல்கிறான். “எனக்கும் வரும் தம்பி” என்கிறார் செருப்பு அம்மா, அவர் வெள்ளிக்கிழமை தவறாமல் தாயாரைச் சேவிப்பவர். 1978 ஆய்வின் புள்ளிவிவரத்தைச் சிகிச்சையாளர் சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பான். இது வேறு.

ஆசாரத்தோடு சிகிச்சை மோதுமா என்ற கேள்வியும் இங்கேதான் தீர்கிறது. நல்ல சிகிச்சையாளர் மதத்தை மீறச் சொல்வதில்லை. அதே நம்பிக்கையுள்ள பக்கத்து ஆள் என்ன செய்கிறாரோ அதுவரை வந்தால் போதும். குளத்தில் மூன்று முழுக்கு வழக்கமா? மூன்று போடுங்கள், நான்காவது வேண்டாம். எது வழக்கம், எது நோயின் விதி என்று மருத்துவர் தீர்ப்புச் சொன்னால் நோயாளி இணையத்தில் தேடுவார், குருக்களிடம் கேட்பார், பிறகு இன்னொரு குருக்களிடம் கேட்பார், அந்தக் கேள்வியே புதுச் சடங்காகிவிடும். வட்டத்தில் பக்திமான்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் கேட்கவே வேண்டியதில்லை, பார்த்துக்கொள்ளலாம்.

எல்லோருக்கும் குழு ஒத்துவராது. கடும் மனச்சோர்வில் இருப்பவர், தற்கொலை எண்ணம் உள்ளவர், வீட்டைவிட்டே வெளியேற முடியாதவர் முதலில் தனியாகச் சிகிச்சை பெற வேண்டும், பெரும்பாலும் மருந்தோடு. ஊர் சின்னது என்பதும் தடைதான். வட்டத்தில் உட்கார்ந்தால் எதிரே சம்பந்தி வீட்டுக்காரர் இருக்கமாட்டார் என்று என்ன நிச்சயம்? கல்யாணத்துக்குப் பெண் இருக்கும் வீடு என்றால் யோசிப்பார்கள். குழுவில் கேட்டது குழுவைத் தாண்டக் கூடாது என்ற ஒப்பந்தம் முதல் நாளே எழுதப்படும். அது எழுத்தில் இருப்பதுபோல் ஊர்வாயில் இருக்குமா என்ற சந்தேகம் நியாயமானது, அதை மட்டும் ஓ.சி.டி. கணக்கில் சேர்க்க முடியாது.

வீட்டை என்ன செய்வது? குடும்பத்தைச் சிகிச்சைக்குள் இழுக்கும் பழக்கம் இந்தியாவுக்குப் புதிதல்ல. அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் 1950-களில் நோயாளிகளின் குடும்பத்தாரைக் கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். திருப்பதியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1957-ல் தொடங்கிய காலத்திலிருந்து உறவினர் கூடத் தங்குவதையே வழக்கமாக வைத்திருக்கிறது. ஓ.சி.டி. குழுக்களிலும் பல இடங்களில் ஓரிரு அமர்வுக்கு வீட்டாரை அழைக்கிறார்கள். ஒரேயடியாக எல்லா உதவியையும் வெட்டினால் வீடு போர்க்களமாகும். அதனால் நோயாளியும் வீட்டாரும் சேர்ந்து உட்கார்ந்து, இந்த வாரம் எதை நிறுத்துவது என்று பேசி முடிவு செய்கிறார்கள். பன்னிரண்டு தடவை பதில் சொன்ன கணவர் இந்த வாரம் ஒருமுறை சொல்வார், அடுத்த வாரம் அதுவும் இல்லை. கேள்வி வந்தால் என்ன சொல்வது என்பதையும் அவரவர் பேச்சிலேயே முன்கூட்டித் தீர்மானித்துக்கொள்கிறார்கள். “அது உன் ஓ.சி.டி. கேக்குது, அதுக்கு நான் பதில் சொல்லமாட்டேன். வா, ரெண்டு பேரும் மாடிக்குப் போலாம்.” சொல்வது எரிச்சலில் வந்தால் தண்டனையாகிவிடும், ஆகவே ஒத்திகை பார்க்கிறார்கள். கணவர் நோயாளியாக நடிக்க, மனைவி மறுக்கிறார். இந்த ஒத்திகையில்தான் தான் எத்தனை முறை கேட்கிறோம் என்பது பல பேருக்கு உறைக்கிறது.

பன்னிரண்டு வாரத்தில் பழைய பயம் அழிந்துபோவதில்லை. அதன் பக்கத்தில் புதிய பாடம் ஒன்று உட்காருகிறது, அவ்வளவுதான் என்கிறார் மிஷேல் கிராஸ்க் என்ற உளவியலாளர். அதனால் இடத்தை மாற்றி மாற்றிப் பயில வேண்டும். மருத்துவமனை அறையில் செருப்பைத் தொட்டது திருப்பதி பஸ் ஸ்டாண்டில் தானாகக் கைகொடுக்காது, பஸ் ஸ்டாண்டிலும் தொட்டாக வேண்டும். தூக்கம் கெட்டால், பிரசவமானால், வீட்டில் யாராவது தவறிப்போனால் பழைய பாடம் தலைதூக்கும். கோர்டியோலியின் நோயாளிகளை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது சிலருக்கு நோய் திரும்பியிருந்தது. சிகிச்சை முடிவில் குறிகள் முழுமையாக அடங்கியிருந்தவர்களிடம் அப்படித் திரும்பியது குறைவு. ‘பரவாயில்லை, பாதி குறைந்துவிட்டது’ என்று ஏழாவது வாரத்தில் நின்றுவிடுவதற்கு எதிராக மருத்துவர்கள் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான். உச்சிப்படியில் ஏறாமல் ஏணியை மடக்க விடமாட்டார்கள். யாரிடம் போவது என்றே தெரியாதவர்கள் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள், தெலுங்கிலும் பேசுவார்கள்.